மாவு படாத இடம்

"ரொட்டிக்கடைக்காரன் மக, ரொட்டி திங்க மாட்டேங்கறே. அப்புறம் என்னதான்டி திங்கறே நீ?"

கேட்டது மெர்ல் அத்தை. ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை. சிலுவைக் கோடு போட்ட பன்னுக்காகக் கடையிலிருந்து தபால் நிலையம் வரைக்கும் வரிசை நின்றது. நான் உள்ளே போகவில்லை. வாசல்படிக்கு வெளியே நின்றபடி வீட்டுச் சாவியைக் கேட்டேன். அத்தை பன்னைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, வரிசை முழுவதற்கும் கேட்கும்படி இதைக் கேட்டுவிட்டுச் சாவியைத் தூக்கிப் போட்டாள். நான் பிடிக்கத் தவறினேன். குனிந்து எடுக்கும்போது யாரோ சிரித்தார்கள். பொல்லாத சிரிப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் என் காது இரண்டும் எரிந்தன.

பதில் என் கோட்டுப் பையிலேயே இருந்தது. காலையில் சுட்ட செஸ்நட் கொட்டைகள், இன்னும் சூடு ஆறாமல். எடுத்துக் காட்டியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் பேசுவதற்கு எனக்கு வராது.

எங்கள் குடும்பப் பேர் ட்ரெலோர்; எங்கள் ஊரில் ட்ரெலோர் என்றால் ரொட்டி. அப்பாவின் தாத்தா கட்டிய செங்கல் அடுப்பில்தான் அப்பா இன்றைக்கும் சுடுகிறார். நான் வளர்ந்தது அந்த வாசனையில். பள்ளிக்கூடத்தில் பாதி நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மருத்துவ அறையில் படுத்திருப்பேன். மீதி நாள் மேஜையில் தலை வைத்துத் தூங்குவேன். சோம்பேறி என்றார்கள். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அதற்குப் பிறகுதான் பக்கத்து டவுனான வாங்கரட்டாவில் ஒரு டாக்டர் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற குளூட்டன் என்கிற பசை என் குடலுக்கு ஆகாது, ரொட்டித்தூள் அளவு போனாலும் குடலை அரித்துவிடும் என்று சொன்னார்.

அப்பா எப்போதுமே அதிகம் பேசுகிறவர் அல்ல. அன்று சாயங்காலம் கடையின் பின்கட்டில் அவர் அத்தையிடம் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது.

"பால்குடி மறந்த நாள்லேருந்து என் கையாலதான்க்கா அவளுக்கு ஊட்டியிருக்கேன். முதல் துண்டு எப்பவும் அவளுக்குத்தான் வெட்டுவேன்."

"டேய் கிளைவ், நீ என்ன வேணும்னா பண்ணினே?"

அன்றிலிருந்து அப்பா என்னோடு மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டார். அம்மா நான் சிறுபிள்ளையாக இருக்கும்போதே அடிலெய்டுக்குப் போய் வேறு குடும்பமாகிவிட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அப்பா கடையில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே எதையாவது தின்றுவிட்டு வருவார். வாசலில் பூட்ஸைக் கழற்றுவார், குளிப்பார், என் கதவருகே வந்து "எல்லாம் சரியா?" என்பார். "சரிப்பா" என்பேன். அவ்வளவுதான். தன் உடம்பே ஒரு மாவு மூட்டை, பக்கத்தில் வந்தால் எனக்கு நோய் வந்துவிடும் என்பதுபோல் நடந்துகொண்டார். சாப்பாடு மாறியது எனக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. எதிரே நாற்காலி காலியாகக் கிடந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

பூமியின் தென்பாதியில் இருக்கிற எங்களுக்கு இலையுதிர் காலம் மார்ச்சில்தான் தொடங்கும்; அந்த வருடம் அது நன்றாக வந்தது. மார்ச்சில் மழை, பிறகு நாள் தவறாமல் வெயில். ஆற்றோரத்து நெடிய பாப்லர் மரமெல்லாம் மேலிருந்து கீழாக மஞ்சளாகிக்கொண்டே வந்தது. காலையில் புல்மேல் உறைபனி, பத்து மணிக்கு மேல் முதுகில் வெயில். வேலையில்லாதவளுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. பள்ளத்தாக்கு ரோட்டில் செஸ்நட் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. வேலிக்கு வெளியே விழுந்ததை யார் வேண்டுமானாலும் பொறுக்கலாம். முள்ளம்பன்றிக் குட்டி போலிருக்கும் அந்தக் காய்களைப் பூட்ஸ் காலால் மிதித்து உருட்டினால் பழுப்புக் கொட்டைகள் பளபளவென்று வெளியே வரும். கையால் தொடுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள்.

பைன் காட்டுக்குள் ஆரஞ்சு நிறக் காளான். அறுத்தால் கேரட் சாறு போல் கசியும். வெண்ணெயில் வதக்கி உப்புப் போட்டால் போதும். கைவிடப்பட்ட பழைய வீட்டுத் தோட்டத்தில் ஒரு குவின்ஸ் மரம். அதன் பழம் பச்சையாகக் கடித்தால் பல் கூசும். தோல்மேல் இருக்கும் சாம்பல் நிறப் பஞ்சைத் துடைத்துவிட்டு, சர்க்கரைத் தண்ணீரில் அரைநாள் மெல்லிய தீயில் விட்டால் மாதுளை நிறத்துக்கு வந்துவிடும். அதுவரைக்கும் வீடு முழுக்க மணக்கும். இதில் ஒன்றிலாவது கோதுமை உண்டா? பெட்டியின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கூர்ந்து படிக்க வேண்டியதில்லை. சமைத்தவரிடம் போய்ச் சங்கடத்தோடு விசாரிக்க வேண்டியதில்லை. மரத்தடியில் குனிந்து பொறுக்கி வாயில் போட்டுக்கொள்ளலாம். எனக்காகவே ஒரு பருவம் ஒதுக்கி வைத்தது போல் இருந்தது.

ஈஸ்டர் முடிந்ததும் செஸ்நட்டைக் கணப்புக்கு மேலே தட்டுகளில் பரப்பிக் காயவைத்தேன். ஓடு கலகலவென்று ஆனதும் உடைத்து, புதிதாக வாங்கிய கைமில்லில் போட்டு அரைத்தேன். இரண்டு நாள் தோள் வலித்தது. ஒரு பெரிய பாட்டில் நிறைய மாவு கிடைத்தது. இளம் பழுப்பு, முகர்ந்தால் இனிப்பு வாசனை.

அன்று அப்பா குளித்துவிட்டு வந்தவர் வழக்கம்போல் கதவருகே நிற்காமல் சமையலறைக்குள் ஓரடி வைத்தார். பாட்டிலைப் பார்த்தார்.

"என்னது அது?"

"செஸ்நட் மாவுப்பா. நான்தான் அரைச்சேன்."

கையை மறுபடியும் கழுவினார். துண்டை முகர்ந்து பார்த்துவிட்டு அதில் துடைக்காமல் உதறிக் காயவிட்டார். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்தார். அப்படி அவர் மாவைத் தொட்டு நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்று பார்த்து நாளாகியிருந்தது.

"கரகரன்னு இருக்கு. இன்னொரு தடவை சலி."

"சரிப்பா."

"முட்டை சேப்பியா? தானா ஒட்டாது இது."

"சேக்கணும்." தொண்டை வரைக்கும் வந்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "அப்பா, ஞாயித்துக்கிழமை உங்க அடுப்புல இதைச் சுட்டுப் பாக்கலாமா? கடைதான் லீவாச்சே. சுட்டு, ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடலாம்."

வீட்டு அடுப்பில் சுட்டிருக்கலாம். சுட்டால் அப்பா வாசற்படியில் நின்று "நல்லாருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். அவர் அடுப்பில், அவர் கையால் வெந்த ஒன்றை நான் தின்று நன்றாக இருந்தால்தான் அவர் திரும்பவும் என் எதிரே உட்காருவார் என்று எனக்குத் தோன்றியது.

"அந்த இடம் பூரா மாவு, ரோ." என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"தெரியும்ப்பா."

சன்னல் வழியாகக் கடையின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாக்கறேன்" என்றார்.

சனிக்கிழமை மதியம் கடை அடைத்ததும் தொடங்கினார். மூட்டைகளைக் கொட்டகைக்கு மாற்றினார். சுவரைக் கழுவினார், உத்தரத்தில் ஏணி வைத்து ஏறித் துடைத்தார். மெர்ல் அத்தை வாளியோடு உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டு புலம்பினாள்.

"ராணி வந்தப்பகூட இந்த ஊர் இப்படித் தேய்க்கலை. கிளைவ், அந்தச் செங்கல்லை இன்னும் தேய்ச்சியானா அந்தப் பக்கம் தபாலாபீஸ் தெரியும்டா."

"தண்ணி மாத்திக் கொண்டாக்கா."

"மாத்தறேன் மாத்தறேன். எனக்கு ஒண்ணுதான் விளங்கலை. நாங்கல்லாம் மாவு தின்னே வளந்தோம். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு மட்டும் பால் ஆகலை, மாவு ஆகலை. நாளைக்குக் காத்து ஆகலைம்பாங்க."

வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உன்னைச் சொல்லலை கண்ணு" என்றாள். என்னைத்தான் சொன்னாள். ஆனால் வாளித் தண்ணீரை மாற்றிக்கொண்டேதான் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அப்பா அடுப்பில் விறகு போட்டு, வெறும் அடுப்பை வெகுநேரம் எரியவிட்டார். பழைய மாவுத்துகள் ஏதாவது இருந்தால் எரிந்து போகட்டும் என்று. கரியை வாரிவிட்டு, புதுச் சாக்கை நனைத்துத் தளத்தைத் துடைத்தார். ரொட்டியை உள்ளே தள்ளுகிற நீளத் துடுப்புக்குப் பதிலாக ஒரு புதுப் பலகையைச் சீவி வைத்திருந்தார். அடுப்பின் முன்னால் இருந்த வேலை மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, இரண்டு தட்டு வைத்திருந்தார். இரண்டு தட்டு. டாக்டர் சொன்னதிலிருந்து நான் கடைக்குள் கால் வைத்ததே இல்லை. உள்ளே சோப்பும் விறகுப்புகையும் மட்டும்தான் மணத்தன.

நான் பிசைந்த மாவை மூடி போட்டுக் கொண்டுவந்தேன். பிசைந்தது என்று சொல்ல முடியாது, தோசை மாவுக்கும் களிக்கும் நடுவில் ஒரு பதம். வாதுமைப் பருப்பும் ரோஸ்மேரி இலையும் மேலே தூவியிருந்தேன். அப்பா மூடியைத் திறந்து பார்த்துத் தலையாட்டி, மறுபடியும் மூடினார். அத்தை வாசற்படியில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"கேக்கா, ரொட்டியா? எந்தப் பேர் சொல்லி இதை விக்கறது?"

"விக்கறதுக்கு இல்லை அத்தே. திங்கறதுக்கு."

"அட, வாய் வந்திடுச்சு பாரு இவளுக்கு."

அப்பா சிரித்தார். சிரித்தபடியே அடுப்புக் கதவைத் திறந்து, முழங்கை வரை உள்ளே நீட்டி, கையால் சூட்டைப் பார்த்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். அவருடைய வலது கை கதவுக்குப் பக்கத்துச் சுவர் மாடத்துக்குப் போனது. அங்கே ஒரு தகர டப்பா இருந்தது. அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுப்புத் தளத்தின் குறுக்கே வீசினார்.

மாவு. கோதுமை மாவு.

சூடு பார்க்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். வீசிய மாவு உடனே கருகினால் அடுப்பு அதிகம் காய்ந்திருக்கிறது. வெளுப்பாகவே கிடந்தால் இன்னும் காய வேண்டும். மெதுவாகப் பொன்னிறமானால் ரொட்டியைத் தள்ளலாம். அப்பாவும் அவர் அப்பாவும் விடிவதற்கு முன்னால் தினமும் செய்த காரியம். மூட்டை மூட்டையாக மாவை வெளியேற்றியவர், உத்தரத்தைத் துடைத்தவர், அந்த டப்பாவை எடுக்கவில்லை. அது அவர் கண்ணுக்கே தெரிந்திருக்காது. நம் மூக்கு நம் கண்ணுக்குத் தெரியாத மாதிரி.

தளத்தில் மாவு மெதுவாகப் பொன்னிறமானது.

"சரியான சூடு" என்றார் அப்பா. சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் மாறியது. கையைப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் வெள்ளை. கதவிலிருந்து வந்த வெளிச்சத்தில் மெல்லிய புகை மாதிரி மாவு மிதந்துகொண்டிருந்தது. வெள்ளைத் துணிமேல், இரண்டு தட்டுமேல், என் பாத்திரத்தின் மூடிமேல்.

நான் மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் அத்தைதான் பேசினாள்.

"என்னா இப்போ, கருகிப்போன மாவுதானே. கூட்டித் தள்ளிட்டுச் சுடுங்க. துளியூண்டு. அவன் ரெண்டு நாளா முதுகு ஒடிஞ்சிருக்கான் கண்ணு."

அது எனக்குத் தெரியாதா? சரி அத்தே என்று சொல்வது எவ்வளவு சுலபம். சுட்டு, சிரித்துக்கொண்டே தின்றுவிட்டு, ராத்திரி வாயில் துணியை அடைத்துக்கொண்டு படுத்துக் கிடந்திருக்கலாம். அப்பாவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் நான் அப்படித்தான் இருந்தேன். யார் என்ன கேட்டாலும் சரி என்று தலையாட்டி, பிறகு தனியாகப் போய் அனுபவிப்பேன். ஆனால் அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொய்யாகச் சாப்பிட்டால், அவர் இன்னொரு தடவை எனக்கு ஆகாததை ஊட்டியவராக ஆகிவிடுவார்.

"இதுல வேண்டாம்ப்பா" என்றேன். "வெளியில போய்ச் சுடறேன். வால்நட் மரத்தடியில. நீங்க வாங்க."

பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கை, முகமெல்லாம் குழாயடியில் கழுவினேன், கோட்டைக் கழற்றி வேலியில் போட்டேன், பாத்திரத்தைத் திறக்காமல் அதன் வெளிப்புறத்தையும் மூடியையும் கழுவினேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன்.

எங்கள் கொல்லை நீளமானது. கடை ஒரு கோடியில், ஓடை இன்னொரு கோடியில். ஓடைக்கு இந்தப் பக்கம் அந்த வால்நட் மரம். பாதி இலை உதிர்ந்து தரையில் மெத்தையாகக் கிடந்தது. அதை ஒதுக்கி, மண் தெரியும் இடத்தில் கல் கூட்டி, ஆப்பிள் மரத்துக் கிளை வெட்டியதை வைத்துத் தீ மூட்டினேன். வீட்டிலிருந்து என் இரும்புச் சட்டிகளைக் கொண்டுவந்தேன். எனக்கு மட்டுமே உரியவை, ஒருநாளும் கோதுமை பார்க்காதவை. முந்தின நாள் வெந்த குவின்ஸ் ஒரு சட்டியில். காளான் ஒரு சட்டியில். செஸ்நட் கொட்டைகளைக் கத்தியால் கீறி, துளையிட்ட தட்டில் தணல்மேல் போட்டேன். கீறாமல் போட்டால் வெடித்து முகத்தில் அடிக்கும்.

கடைப்பக்கம் சத்தமே இல்லை. கதவு சாத்தியிருந்தது. போச்சு என்று நினைத்தேன். ஒரு நாற்காலியைத் திரும்பப் பெறப் போய் இருந்த கொஞ்சத்தையும் தொலைத்துவிட்டேன். இனி அவர் கதவருகே கூட வர மாட்டார்.

முதலில் வந்தது அத்தை. கையில் ஒரு சாண்ட்விச். பத்தடி தள்ளியே நின்றுவிட்டாள்.

"காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

"மலைப்பக்கத்துலேருந்து அத்தே."

"அப்போ நான் இங்கேயே நிக்கறேன். என் தூள் உன் பக்கம் வராது." ஒரு வாய் கடித்தாள். கடித்ததை மெல்லாமல் தீயைப் பார்த்தாள். "அந்தக் காளான் என்ன மணம் மணக்குதுடி. பாழாப்போன சீஸ் சாண்ட்விச்சு." மீதியை எட்டிப் போய் வேலிக்கு அந்தப் பக்கம் கோழிகளுக்கு எறிந்தாள். ஓடையில் இறங்கிக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், வாயையும் கொப்பளித்தாள். "இப்போ வரலாமா?"

"வாங்க."

"ஒரு வருஷமா இப்படித்தான் திங்கறியா? நான் என்னமோ நீ பட்டினி கிடக்கறேன்னு நினைச்சேன். ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கேன்."

மாவை நெய்யிட்ட வாணலியில் ஊற்றி, மூடி போட்டு, மூடி மேலும் கொஞ்சம் தணல் வைத்தேன். அது வெந்துகொண்டிருக்கும்போதுதான் வீட்டுப்பக்கத்திலிருந்து அப்பா வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மறுபடியும் குளித்திருக்கிறார். மீன் பிடிக்கப் போகும்போது மட்டும் போடுகிற பழைய பச்சை ஸ்வெட்டர், ரப்பர் பூட்ஸ். இரண்டும் கடைக்குள் ஒருநாளும் போனதில்லை. கையில் வீட்டுச் சமையலறை நாற்காலி ஒன்று. என் நாற்காலிக்கு எதிரே எப்போதும் காலியாகக் கிடந்தது அதுதான்.

அதைத் தீக்கு அந்தப் பக்கம் இலைமேல் போட்டு, கால் ஆடாமல் அமுக்கி, உட்கார்ந்தார்.

நான் மூடியைத் திறந்தேன். ஓரம் வெடித்து, மேலே செம்பழுப்பாக வந்திருந்தது. வெட்டினேன். முதல் துண்டை அப்பாவுக்குக் கொடுத்தேன்.

முகர்ந்தார். இரண்டாகப் பிட்டு உள்ளே பார்த்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அப்புறம்தான் தின்றார். அவர் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உப்பு போதலை" என்றார்.

"ம்."

"அடி புடிச்சிருக்கு. தணல் சமமா இல்லை. மேல நல்லா வந்திருக்கு." இன்னொரு வாய். "செங்கல்லா இருந்தா நாலு பக்கமும் ஒரே சூடா நிக்கும்."

"அடப்பாவி" என்றாள் அத்தை. "பிள்ளை ஆசையா சுட்டுக் குடுத்திருக்கா, நல்லாருக்குன்னு சொல்றானா பாரு."

"நல்லா இருக்கறதுனாலதான்க்கா சொல்றேன்."

கடையில் வேலைக்குச் சேருகிறவர்களிடம் அப்பா அப்படித்தான் பேசுவார். பிடிக்காதவனிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். நான் அடிப்பிடித்த துண்டைத் தின்றேன். இனிப்பும் புகையும் லேசான கசப்பும். குவின்ஸ் சாற்றில் தொட்டால் கசப்பு தெரியவில்லை. மரத்திலிருந்து ஓர் இலை வந்து அப்பாவின் ஈரத் தலையில் ஒட்டிக்கொண்டது. அவர் கவனிக்கவில்லை. அத்தை செஸ்நட்டை உரித்துச் சூடு தாங்காமல் இரு கையிலும் மாற்றி மாற்றிப் பந்தாடிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே கருப்புக் காக்கட்டூக் கிளிக் கூட்டம் ஒன்று கதவு கிறீச்சிடுகிற குரலில் கத்திக்கொண்டு மலைப்பக்கம் போயிற்று.

அப்பா இரண்டாவது துண்டைக் கேட்டு வாங்கித் தின்றார். காளான் சட்டியை விரலால் வழித்தார்.

"இங்க காத்து எப்பவும் மலையிலேருந்துதானா?"

"பகல்ல மலையிலேருந்து. பொழுது சாஞ்சா ஓடையிலேருந்து. கடைப்பக்கத்துலேருந்து வந்து நான் பாத்ததே இல்லைப்பா."

"நீ தினம் இங்கதான் உக்காருவியா?"

"ம்."

அவர் கண் கொட்டகைப் பக்கம் போனது. கொட்டகைக்குப் பின்னால் ஒரு செங்கல் குவியல் உண்டு. நான் குழந்தையாக இருந்தபோது இடித்த துணி துவைக்கும் அறையின் புகைபோக்கி. எதற்காவது ஆகும் என்று அப்பா அடுக்கி வைத்தவர் அப்படியே விட்டுவிட்டார். பாசி படர்ந்து, பல்லி குடியேறி, மழையில் நனைந்து கிடந்தது. மாவு மட்டும் அதன்மேல் பட்டதே இல்லை.

அப்பா எழுந்து அங்கே போனார். கொஞ்ச நேரத்தில் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியின் கிறீச் சத்தம் கேட்டது. முதல் சுமையைக் கொண்டுவந்து மரத்தடியில், தீக்குக் கொஞ்சம் தள்ளி, மேடான இடத்தில் இறக்கினார். நான்கு செங்கல்லை எடுத்து மண்ணில் சதுரமாக வைத்துப் பார்த்தார். ஒன்றை நகர்த்தினார். பின்னுக்குப் போய் நின்று, அடுப்பின் வாய் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று காற்றுக்கு முகத்தைக் கொடுத்துப் பார்த்தார். செங்கல் ஒன்றை என் மடிமேல் வைத்தார். நான் என் பாவாடையால் அதன் பாசியைத் துடைத்தேன்.

"என்னடா பண்றே, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா?" என்றாள் அத்தை, வாய் நிறைய செஸ்நட்டோடு.

அப்பா காலி வண்டியைத் திருப்பிக்கொண்டு, தலையில் அந்த மஞ்சள் இலையோடு மறுபடியும் கொட்டகையை நோக்கிப் போனார்.